டாங்கி விற்பது சுலபம், ஏற்றுவதில்தான் கணக்கு இருக்கிறது

மோட்டார் சைக்கிள் சாமான் வியாபாரம் செய்யும் எல்லோருக்கும் இந்த வாடிக்கையாளரைத் தெரிந்திருக்கும். வயது இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் இருக்கும். கையில் ஒரு படம் வைத்திருப்பார். முன்பு அது சஞ்சிகையில் இருந்து கிழித்த தாளாக இருந்தது, இப்போது போனில் இருக்கிறது. நீண்ட ஃபோர்க், தாழ்ந்த சீட், நடுவே கைக்கு அடக்கமாக ஒரு சின்னப் பெற்றோல் டாங்கி. "நானா, இது மாதிரி டாங்கி ஒண்டு வேணும். சேஸி நாங்களே செஞ்சி வெச்சிருக்கம்" என்பார்.

நாமும் அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய டாங்கி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, காசை வாங்கிப் பெட்டியில் போட்டு விடுவோம். வியாபாரம் முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அந்த இடத்தில்தான் வியாபாரம் தொடங்குகிறது. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் 2004 ஆம் ஆண்டில் என் கடைக்கு வந்த ஓர் இளைஞர். அந்தக் கதையைச் சொல்லி விட்டே பாடத்துக்கு வருகிறேன்.

பாவித்த டாங்கி ஒன்றை 4500 ரூபாவுக்கு அவருக்கு விற்றேன். எனக்கு நின்ற லாபம் 700 ரூபா. "இதை யாரிடம் ஏற்றலாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவரிடம் அனுப்பி வைத்தேன். பாஸ் கேற் செய்வதிலும் கிறில் செய்வதிலும் கெட்டிக்காரர். டாங்கியின் அடியில் நான்கு இரும்புத் துண்டுகளை ஒட்டி, சேஸியில் நான்கு காது வைத்து, நான்கு போல்ட்டைப் போட்டு இறுக்கி விட்டார். அசைத்துப் பார்த்தால் மலை போல இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. மூன்று மாதம் கழித்து அந்தத் தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மருதானைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பெற்றோல் மணத்திருக்கிறது. குனிந்து பார்த்தால் டாங்கியின் அடித்தகடு ஒட்டு வைத்த ஓரத்திலேயே முடி போல வெடித்து, சொட்டுச் சொட்டாக சைலன்சர் குழாய்க்கு அரை அங்குலம் தள்ளி விழுந்துகொண்டிருக்கிறது.

"நானா, நீங்க தானே தந்தீங்க" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

வேறு டாங்கி கொடுத்தேன், என் விலை 3800. மறுபடி வெல்டிங் 1500. பெயின்ற் 4000. மொத்தம் 9300 ரூபா. டாங்கி ஒன்றுக்கு 700 ரூபா லாபம் என்ற கணக்கில் பதின்மூன்று டாங்கி விற்றாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. இது காசுக் கணக்கு மாத்திரமே. அந்தச் சொட்டு அரை அங்குலம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் வந்திருக்கும் கணக்கை நான் எழுத விரும்பவில்லை.

பிழை எங்கே நடந்தது? வெல்டிங் பாஸ் குறை வைக்கவில்லை. உறுதியாகத்தான் செய்தார். அந்த உறுதிதான் பிழை.

உங்கள் சொந்த வண்டியைக் கழற்றிப் பாருங்கள்

நாம் அன்றாடம் ஓடும் ஜப்பான், இந்திய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் சீட்டைக் கழற்றினால் டாங்கியின் பின்பக்கம் ஒரேயொரு போல்ட் இருக்கும். அந்த போல்ட்டும் நேரடியாக இரும்பில் உட்காராமல் றப்பர் புஷ் ஒன்றின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றிப் பின்பக்கம் இழுத்தால் டாங்கி கையோடு வந்து விடும். முன்பக்கத்தில் போல்ட்டே கிடையாது. சேஸியின் கழுத்துக்குப் பின்னால் இரு பக்கமும் வட்டமான இரண்டு றப்பர் குமிழ்கள். டாங்கியில் அதற்கேற்ற இரண்டு கிண்ணங்கள். கிண்ணம் குமிழில் சறுகி ஏறுகிறது, அவ்வளவுதான்.

முதல் தடவை இதைப் பார்ப்பவர் கொம்பனிக்காரன் செலவைக் குறைத்திருக்கிறான் என்று நினைப்பார். அப்படி இல்லை. டாங்கி சேஸியின் ஒரு பாகமாக ஆகி விடக் கூடாது, சேஸியின் மேல் ஏறிப் பயணம் செய்யும் ஒரு சுமையாகவே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

காரணம் இரண்டு. முதலாவது நடுக்கம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சின்னதாக ஓர் உலுக்கல். டாங்கித் தகடு அதிகம் போனால் ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூடுதல் தடிப்பு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து முறிப்பது போல, அந்த உலுக்கல் தகட்டை ஒட்டின் ஓரத்தில் வைத்து முறிக்கிறது. ஒட்டின் ஓரத்தில் என்று சொல்வதைக் கவனியுங்கள். ஒட்டிய இடம் தடிப்பு, பக்கத்துத் தகடு மெலிசு. தடிப்பும் மெலிசும் சந்திக்கும் கோட்டில்தான் வெடிப்பு வரும்.

இரண்டாவது முறுக்கு. பள்ளத்தில் விழும்போதும் வளைவில் சாயும்போதும் சேஸி சற்று முறுகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் முறுகும். நான்கு மூலையிலும் டாங்கியை இறுக்கிப் பூட்டினால் டாங்கியும் சேர்ந்து முறுக வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறது. நாலு கால் கதிரை மேடு பள்ளத்தில் ஆடும், ஆட விடாமல் நாலு காலையும் ஆணி அடித்தால் கதிரை உடையும். எங்கள் பாஸ் செய்தது இந்த ஆணி அடிக்கும் வேலை. டாங்கிக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று புள்ளிகள் போதும். சில டாங்கிகளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே புள்ளிகள். எதுவானாலும் ஒவ்வொரு புள்ளியிலும் றப்பர் இருக்க வேண்டும்.

சின்ன டாங்கி எங்கிருந்து வந்தது

வாடிக்கையாளர் காட்டும் படம் பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் பாரமான வண்டிகளின் மட்கார்ட்டை வெட்டி, வேண்டாத சாமான்களைக் கழற்றி ஓடத் தொடங்கினார்கள். பிறகு ஃபோர்க்கை நீட்டினார்கள், சேஸியையே வெட்டி ஒட்டினார்கள். 1969 ஆம் ஆண்டில் "ஈசி ரைடர்" என்ற திரைப்படம் வந்ததும் அந்த உருவம் உலகம் முழுக்கப் பரவியது.

அதில் வியாபாரிகளுக்குச் சுவையான விடயம் ஒன்று உண்டு. அந்த நாட்டில் வேர்க்கடலை டாங்கி என்று செல்லமாகச் சொல்லப்படும் சின்ன டாங்கியை ஹார்லி டேவிட்சன் கொம்பனி பெரிய வண்டிக்காகச் செய்யவில்லை. 1948 இல் வெளிவந்த 125 சிசி சிறு வண்டிக்காகச் செய்த டாங்கி அது. 1958 இல் ஸ்போர்ட்ஸ்டர் எக்ஸ்எல்சிஎச் என்ற 883 சிசி வண்டி வந்தபோது அதே உருவத்தை அதன் மேல் வைத்தார்கள். கொள்ளளவு ஏறத்தாழ 8 லீற்றர். கலிபோர்னியாவின் கிளென்டேலில் தயாரான மஸ்டாங் என்ற குட்டி மோட்டார் சைக்கிளின் டாங்கிக்கும் இதே கதைதான். அந்தக் கொம்பனி 1960களில் மூடப்பட்டது. அதன் டாங்கியின் உருவத்தை மட்டும் கஸ்டம் வண்டிக்காரர்கள் விடாமல் வைத்திருந்தார்கள், இன்றும் வேறு கைகள் அதைச் செய்து விற்கின்றன. கொம்பனி போன பிறகும் அதன் சாமானுக்குச் சந்தை இருக்கிறது என்பது நம் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதினமில்லை.

நம் பாடத்துக்கு வேண்டியது இதில் இன்னொன்று இருக்கிறது. 2003 மாடல் வரை ஸ்போர்ட்ஸ்டரின் எஞ்சின் சேஸியோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருந்தது. 2004 மாடலில்தான் கொம்பனியே எஞ்சினை றப்பர் மேல் ஏற்றியது. எனவே பழைய எஞ்சினை எடுத்து, பின் ஷொக் இல்லாத கையால் செய்த சேஸியில் வைத்தால், எஞ்சினின் நடுக்கமும் வீதியின் அடியும் ஒன்றும் குறையாமல் டாங்கிக்கு வந்து சேரும். அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் டாங்கியின் றப்பர் அதிகம் தேவை. அப்படிப்பட்ட வண்டிக்காரர்தான் "றப்பர் தெரியக் கூடாது, வடிவு கெட்டு விடும்" என்றும் சொல்வார்!

2007 மாடலில் ஸ்போர்ட்ஸ்டர் காபரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அதற்குப் பிந்திய வண்டிகளின் டாங்கிக்குள் பம்ப் இருக்கிறது. நாம் விற்கும் பழைய காபரேட்டர் டாங்கியில் அந்தப் பம்புக்கு இடமில்லை. நம் நாட்டுக்கு வரும் புதிய வண்டிகளிலும் இன்ஜெக்‌ஷன் பெருகி விட்டது. ஆகவே டாங்கியை எடுத்து மேசையில் வைக்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, காபரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பதே. இதைக் கேட்காமல் விற்றுத் திரும்பி வந்த டாங்கிகள் எத்தனை என்று நம்மில் பலர் மனதுக்குள் எண்ணிப் பார்க்கலாம்.

அளவெடுக்கும் நாள்

இனி வேலைக்கு வருவோம். வண்டி தன் இரண்டு சில்லுகளிலும் நிற்க வேண்டும். ரயரில் காற்று இருக்க வேண்டும். சீட்டும் ஹேண்டிலும் பூட்டியிருக்க வேண்டும். மேசையில் கிடக்கும் வெறும் சேஸியில் டாங்கியை வைத்து அளவெடுத்தவர்கள் பிறகு கஷ்டப்படுவார்கள். நீண்ட ஃபோர்க் போட்ட வண்டி தரையில் நிற்கும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சேஸியின் முதுகுக் குழாயும் மேல் நோக்கிச் சரிந்திருக்கும். குழாய்க்குச் சமாந்தரமாக டாங்கியை வைத்தால் பார்க்க வடிவு. ஆனால் பெற்றோல் எல்லாம் பின்பக்கம் போய்த் தேங்கி நிற்கும். பெற்றோல் டெப் முன்பக்கம் இருந்தால் டாங்கிக்குள் ஒரு லீற்றருக்கு மேல் இருக்கும்போதே வண்டி நின்று விடும்.

இதற்கு ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். அதை விட நல்ல வழி ஒன்றுண்டு. பெயின்ற் அடிக்காத டாங்கியை உரிய சரிவில் வைத்து, அளந்து 2 லீற்றர் தண்ணீர் ஊற்றி, டெப்பைத் திறந்து வெளியே வருவதை மறுபடி அளவுங்கள். வராமல் உள்ளே நிற்பதுதான் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கி ஒருநாளும் பாவிக்கப் போகாத பெற்றோல். மொத்தம் 8 லீற்றர் டாங்கியில் அது பெரிய நட்டம். பார்த்த பிறகு டாங்கியை உடனே நன்றாகக் காய வைத்து விட வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

காபரேட்டர் வண்டியில் பெற்றோல் தன் பாரத்தால் தானே இறங்குகிறது. எனவே டெப்பின் வாய் காபரேட்டர் கிண்ணத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஹோஸ் வழி முழுக்கக் கீழ் நோக்கியே போக வேண்டும். டாங்கியின் அடியில் நடுப்பள்ளம் ஆழமாக இருந்து அது முதுகுக் குழாயின் இரு பக்கமும் தொங்கினால், கீழே இரண்டு தனித்தனிக் குழிகள் இருக்கும். டெப் ஒரு பக்கம் மாத்திரம் இருந்தால் மற்றப் பக்கத்துப் பெற்றோல் வராது. இரண்டு குழிகளையும் கீழே ஒரு ஹோஸால் இணைக்க வேண்டும், அல்லது இரண்டு டெப் வைக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து வண்டிக்காரர்கள் டாங்கியை உயர்த்தி முதுகுக் குழாய்க்கு மேலேயே உட்கார வைக்கும் ஒரு பாணியைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதில் பெற்றோல் இறங்குவது இலேசு. ஆனால் பாரம் மேலே ஏறி விடும், காதும் நீளமாகும். காது நீண்டால் நடுக்கத்தில் அது கூடுதலாக வளையும். ஆகவே அந்தப் பாணியைக் கேட்பவருக்குக் காதின் தடிப்பையும் அதன் அடிப் பிடிப்பையும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஹேண்டிலை இடப் பக்கமும் வலப் பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். டாங்கியில் முட்டக் கூடாது, கை விரல் நசியக் கூடாது. பிறகு எஞ்சின் தலைக்கும் டாங்கியின் அடிக்கும் இடையில் விரல் புகுகிறதா என்று பாருங்கள். றப்பர் அமுங்கும்போது டாங்கி இறங்கும் என்பதால் நாங்கள் அந்த இடத்தில் அரை அங்குலத்துக்குக் குறைய விடுவதில்லை. முதுகுக் குழாய்க்கும் நடுப்பள்ளத்துக்கும் இடையில் கால் அங்குலமாவது வேண்டும். அதற்குள்ளால் வயரும் கேபிளும் போவதானால் இன்னும் கூடுதலாக வேண்டும். வயர் டாங்கியில் உராய்ந்து தோல் உரிந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இந்த நிலையில் டாங்கியை மரத்துண்டும் கார்ட்போர்ட்டும் வைத்து முட்டுக் கொடுத்து நிறுத்தி, வாடிக்கையாளரைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரச் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கோடு போட வேண்டும். இந்த அரை நாளை மிச்சம் பிடிக்க நினைப்பவர் பிறகு இரண்டு நாள் கொடுப்பார்.

றப்பரும் குழலும்

றப்பர் வைப்பதிலும் பிழை நடக்கிறது. றப்பரைப் போட்டு, மேலே வொஷரைப் போட்டு, பலமெல்லாம் கூட்டி நட்டை முறுக்கினால் றப்பர் நசிந்து இரும்பு போல ஆகி விடும். நாளாக ஆக அது தட்டையாகி, போல்ட் தளர்ந்து, டாங்கி ஆடும். சரியான முறையில் றப்பருக்கு நடுவே ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கும், றப்பரை விட மிகச் சற்று மட்டும் குட்டையாக. நட் குழலில் போய் இறுகும். றப்பர் கொஞ்சம் மாத்திரம் அமுங்கி, தன் வேலையைச் செய்யச் சுதந்திரமாக இருக்கும். அந்தக் குழலைக் கடைசல்காரர் பத்து நிமிடத்தில் வெட்டித் தருவார். எங்கள் 2004 டாங்கியில் இருந்திருக்க வேண்டியது அந்தக் குழலும் மூன்று றப்பரும்தான். நட் தானாகக் கழராமல் இருக்க நைலோன் வளையம் உள்ள நட்டைப் போட வேண்டும்.

டாங்கியின் அடியில் பிரக்கட்டை நேரடியாக மெல்லிய தகட்டில் ஒட்டக் கூடாது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தகட்டை, மூலைகளை வட்டமாக வெட்டி, டாங்கியின் வளைவுக்கு ஏற்பத் தட்டி ஒட்ட வேண்டும். பிரக்கட் அதன் மேல் வரும். பாரம் பரவி விடும். கூர் மூலை இருந்தால் வெடிப்பு அந்த மூலையில் இருந்துதான் தொடங்கும். பாரம் என்று சொல்லும்போது, ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. 8 லீற்றர் 6 கிலோ. நின்ற இடத்தில் அது ஒன்றுமில்லை. பள்ளத்தில் விழும்போது அந்த 6 கிலோ பல மடங்காகப் பாரம் காட்டும்.

சேஸியில் காது ஒட்டும்போது டாங்கி வண்டியிலும் இருக்கக் கூடாது, அந்த இடத்துக்குக் கிட்டவும் இருக்கக் கூடாது. பற்றரி வயரையும் கழற்றி விட வேண்டும். வெல்டிங்கின் ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குக் கிட்டவே பிடிக்க வேண்டும்.

வெறும் டாங்கி என்று ஒன்றில்லை

இந்த ஒரு விடயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று நினைத்தேன். "டாங்கி வெறுமைதான், பயமில்லை, ஒட்டுங்க" என்று சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெற்றோல் நிரம்பிய டாங்கியை விட வெறுமையான டாங்கி ஆபத்தானது. காரணம், எரிவதும் வெடிப்பதும் திரவமல்ல, ஆவிதான். பெற்றோல் ஆவி காற்றோடு நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழரை பங்கு வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். 10 லீற்றர் டாங்கி ஒன்றில் அந்தக் கலவை உண்டாக ஒரு தேக்கரண்டி பெற்றோல் கூடத் தேவையில்லை. டாங்கியின் மடிப்புகளிலும் துருவிலும் அவ்வளவு பெற்றோல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மூடியைத் திறந்து வைத்தால் பறந்து போய் விடும் என்று நினைக்க வேண்டாம், அடியிலேயே கிடக்கும். கிரைண்டரின் ஒரு பொறி போதும்.

எனவே பழைய டாங்கியை டெப்பும் மூடியும் கழற்றி, சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டுக் குலுக்கிப் பல தடவை கழுவ வேண்டும். பிறகு ஒட்டும் இடம் மாத்திரம் மேலே இருக்கும்படி டாங்கியைத் திருப்பி, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, வாயைத் திறந்து வைத்து ஒட்ட வேண்டும். ஆர்கன் வைத்திருக்கும் கராஜில் மீதி இடத்தை ஆர்கனால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவார்கள், அது இன்னும் நல்லது. சைலன்சர் புகையை உள்ளே விட்டு ஒட்டும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. உள்ளே எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது என்று அதில் யாராலும் சொல்ல முடியாது. டாங்கி ஒட்டி அனுபவம் இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. கேற் ஒட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. நான் 2004 இல் செய்த பிழையில் இதுவும் ஒன்று. அன்று பாஸுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது என் கெட்டித்தனமல்ல.

பெயின்றுக்கு முன்னால்

ஒட்டி முடிந்ததும் கசிவு பார்க்க வேண்டும். பெயின்றுக்கு முன்னால்! எல்லாத் துளைகளையும் அடைத்து, அழுத்த மானியோடு மிகக் குறைந்த காற்றை விட்டு, சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே முறை. 2 பீ.எஸ்.ஐ. போதும். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரை நேரே வைத்து விடக் கூடாது. ஓர் அடிக்கு ஓர் அடித் தகட்டில் 2 பீ.எஸ்.ஐ. என்பதே 288 இறாத்தல் தள்ளு. ரயருக்கு விடும் 28 பீ.எஸ்.ஐ. விட்டால் நாலாயிரம் இறாத்தலைத் தாண்டும். டாங்கி பலூன் போல ஊதி நிற்கும், அல்லது கிழியும்.

அதன் பிறகு டாங்கியை வண்டியில் ஒரு தடவை முழுமையாகப் பூட்டி, சரி பார்த்து, கழற்றி, அப்புறம் பெயின்றுக்கு அனுப்ப வேண்டும். பெயின்ற் அடித்த டாங்கியில் ஒரு சின்ன ஒட்டு வைத்தாலும் முழுப் பெயின்றும் போய் விடும். என் 9300 ரூபாவில் பெரிய பங்கு பெயின்றுக்குப் போனதை மேலே பார்த்தீர்கள்.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியில் காற்றுத் துவாரம் இல்லாவிட்டால், அல்லது பெயின்றால் அடைபட்டு விட்டால், வண்டி பதினைந்து இருபது நிமிடம் ஓடி நின்று விடும். சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடும். கராஜில் காபரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவுவார்கள், பிளக் மாற்றுவார்கள், கொயில் மாற்றுவார்கள். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் நோய் அதுதான்.

ஹோஸைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பெற்றோலுக்குக் கொடுக்கக் கூடாது. காபரேட்டர் வண்டிக்கு எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7 என்று அச்சடித்த ஹோஸ் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு அதிக அழுத்தம் தாங்கும் ஆர்9 வேண்டும். இரண்டையும் ஒரே சுருளாக வைத்து வெட்டி விற்கும் கடைகள் இருக்கின்றன.

விலை சொல்லும் விதம்

இப்போது கூட்டிப் பாருங்கள். முட்டுக் கொடுத்து அளவெடுக்க அரை நாள். காதும் பிரக்கட்டும் குழலும் செய்ய ஒரு நாள். கழுவி, ஒட்டி, கசிவு பார்க்க இன்னொரு நாள். பெயின்றுக்குப் பிறகு பூட்ட அரை நாள். மூன்று நாள் கூலி. டாங்கியின் விலை இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் வாடிக்கையாளர் கடைக்குள் வரும்போது மனதில் வைத்திருக்கும் கணக்கு டாங்கியின் விலை மாத்திரமே. முதல் நாளே இதைச் சொல்லாமல் விட்டால், கடைசி நாளில் சொல்லும்போது நாம் கள்வர் போலத் தெரிவோம்.

அதனால் நான் இப்போது இரண்டு விலை சொல்கிறேன். டாங்கி மாத்திரம் வேண்டும் என்றால் ஒரு விலை. ரசீதில் "பூட்டுவது எங்கள் பொறுப்பல்ல, றப்பர் இல்லாமல் பூட்டக் கூடாது" என்று கையால் எழுதி, வாசித்துக் காட்டிக் கொடுக்கிறேன். ஏற்றித் தர வேண்டும் என்றால் நாட்கணக்கில் கூலி, அரைவாசி முற்பணம், பெயின்ற் தனி. இரண்டாவது விலையைக் கேட்டுச் சிலர் எழும்பிப் போய் விடுவார்கள். போகட்டும்.

கையால் செய்த சேஸி என்றால் புத்தகத்தையும் கேட்க வேண்டும். சேஸி நம்பர் என்ன, அது புத்தகத்தில் உள்ளதா, வெட்டி மாற்றிய சேஸியை வீதியில் ஓட அனுமதி உண்டா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு வரும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். காட்சிக்கு வைக்கும் வண்டி வேறு, வீதியில் ஓடும் வண்டி வேறு. காப்புறுதிக் கொம்பனியும் பிறகு இதையே கேட்கும்.

போல்ட் தெரியாமல் ஒட்டி விடச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னமும் வருகிறார்கள். போன வருடம் ஒருவர் வந்தார். டாங்கியைச் சேஸியோடு நேரே ஒட்டி, ஒட்டு தெரியாமல் பட்டி பூசிப் பெயின்ற் அடிக்க வேண்டுமாம், படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். டாங்கியின் அடியில், சீட்டின் நுனிக்குக் கீழே, கறுப்பாக ஒரு றப்பர் விளிம்பு தெரிந்தது. போல்ட்டை மறைத்திருக்கிறார்கள், இல்லாமல் செய்யவில்லை. முதுகுக் குழாய்க்குள் குறுக்காகக் குழல் வைத்து, டாங்கியின் நடுப்பள்ளத்துக்குள் பிரக்கட்டை ஒளித்தால் வெளியில் இருந்து ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கூலி கூடுதலாகும் என்றேன். யோசித்து விட்டு அடுத்த கிழமை வந்து முற்பணம் தந்தார்.

ஏற்றிக் கொடுத்த ஒவ்வொரு வண்டியையும் 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு கொண்டு வரச் சொல்கிறோம். கூலி இல்லை. நட் மூன்றையும் தொட்டுப் பார்ப்போம். றப்பர் ஒரு பக்கம் தேய்கிறதா, ஹோஸ் எங்கேயாவது உராய்கிறதா, ஒட்டின் ஓரத்தில் பெயின்ற் முடி போல வெடித்திருக்கிறதா என்று லைற் பிடித்துப் பார்ப்போம். தகடு வெடிக்குமுன் பெயின்ற் வெடிக்கும். அந்த நேரத்தில் பிடித்தால் வேலை சின்னது. அந்த 2004 தம்பிக்கு இப்போது நாற்பதைத் தாண்டி விட்டது, பிள்ளைகளோடு வேனில்தான் போகிறார். வண்டியை விற்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கொண்டு வந்து நிறுத்துவார், நான் குனிந்து டாங்கியின் அடியைப் பார்த்து விட்டு நிமிர்வேன்.